ஆறு மணிக்கே ராச்சாப்பாடு: ஜெர்மனியில ஒன்பது நாள்

மே 11, 2024, சனி – ஹனோவர்

ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கி ஹனோவருக்கு ரயில். ஜெர்மன்காரங்க டைம்னா டைம்னு சொல்லிச் சொல்லியே நம்மள வளர்த்துட்டாங்க, அந்த ரயில் ஒண்ணே முக்கால் மணி நேரம் லேட்டு, நடுவுல ஒரு ஸ்டேஷன்ல எல்லாரையும் இறக்கி வேற வண்டில ஏறச் சொன்னாங்க, பொட்டியத் தூக்கிட்டு படி இறங்கி படி ஏறினதுல இவருக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு. மத்தியானம் ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம், அவ்ளோதான். சரி ராத்திரி விருந்து இருக்கேன்னு மனசத் தேத்திக்கிட்டேன். என் சித்தி மகன் குடியிருக்கிற வீட்டோட ஓனர் தம்பதி மேல் மாடில இருக்காங்க, ரெண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல, எங்களை ஆபென்ட்ப்ரோட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. தம்பி போன்ல "அக்கா, சனிக்கிழமை டின்னர் மேல் வீட்ல"ன்னு சொல்லியிருந்தான். டின்னர்னு சொன்னான் பாருங்க, அங்கதான் சனி பிடிச்சது.

ஆறு மணிக்கு மேல போனோம். வெளிய நல்ல வெயில், நம்ம ஊர் நாலு மணி மாதிரி. இந்த மாசத்துல அங்க சூரியன் மறையவே ஒன்பது ஆயிடுது. டேபிள்ல ஆளுக்கொரு சின்ன மரப்பலகை வச்சிருந்தாங்க, தட்டு கிடையாது, அந்தப் பலகைதான் தட்டு. நடுவுல கூடை நிறைய அறுத்த ரொட்டி, கருப்பு, பழுப்பு, மேல விதை ஒட்டினது. வெண்ணெய், மூணு வகை சீஸ், ஒரு தட்டுல மெல்லிசா வெட்டின பன்றி இறைச்சி, சாஸேஜ், ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய், சிவப்புக் குட்டி முள்ளங்கி, தக்காளி. ஒரு கிண்ணத்துல ரோஸ் கலர்ல ஏதோ அரைச்சது, மேல பொடியா நறுக்கின வெங்காயம். சட்னியோன்னு ஸ்பூனைக் கொண்டு போனேன், தம்பி கால்ல ஒரு மிதி மிதிச்சான். பச்சைப் பன்றிக்கறி, வேகவே வைக்காதது. மெட்னு பேராம். நானும் இவரும் கோழி, மீன், ஆட்டுக்கறியோட நிறுத்திக்கிற ஆளுங்க.

"கூட்டன் அப்பெடீட்"னு சொல்லிட்டு எல்லாரும் ஆரம்பிச்சாங்க. நான் ஒரே ஒரு துண்டு எடுத்து வெண்ணெய் தடவி மரியாதையா மென்னுகிட்டிருந்தேன். இது ஸ்டார்ட்டர், இதுல வயித்த ரொப்பக் கூடாதுன்னு எனக்குள்ள ஒரு கணக்கு. காது பூரா அடுப்படிப் பக்கம். ஒரு குக்கர் சத்தம், ஒரு கரண்டி சத்தம், ஏதாச்சும் வாசனை... ஒண்ணும் வரல. இவரும் அரைத் துண்டோட கையக் கட்டிட்டு உக்காந்திருக்கார். அந்தப் பெரியவர் போன எடுத்து, முந்தின நாள் ராத்திரி ஜெர்மனி பூராவும் வானம் ஊதாவும் பச்சையுமா ஜொலிச்சத போட்டோ காட்டினார், துருவ ஒளியாம், வழக்கமா நார்வே பக்கம் போனாத்தான் பாக்க முடியும்னார். நாங்க ஒரு நாள் முன்னாடி வந்திருக்கணும். அதப் பாத்துக்கிட்டே இருக்கேன், அந்தம்மா எந்திரிச்சு சீஸுக்கு மூடி போட்டாங்க, ரொட்டியப் பையில கட்டினாங்க, பலகையெல்லாம் அடுக்கினாங்க. மணி ஆறே முக்கால். தம்பிகிட்ட மெதுவா "சாப்பாடு எப்படா வரும்"னு கேட்டேன். "அக்கா, இதான் சாப்பாடு. முடிஞ்சிருச்சு"ன்னான்.

கீழ வந்து பத்து மணிக்கு முறுக்கு தின்னோம். அதுவும் சத்தம் வராம, பத்து மணிக்கு மேல கட்டடத்துல சத்தம் போடக் கூடாதாம், மணப்பாறை முறுக்க ஊற வச்சா தின்ன முடியும்?

மே 12, ஞாயிறு – ஹனோவர்

காலைல தம்பி பொண்டாட்டி (ஜெர்மன்காரப் பொண்ணு, என்னை அழகா அக்கானுதான் கூப்பிடும்) விஷயம் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரிச்சிட்டு உக்கார வச்சு பாடம் எடுத்துச்சு. ஆபென்ட்னா சாயங்காலம், ப்ரோட்னா ரொட்டி. சாயங்கால ரொட்டி. பேர்லயே இருக்கு, "ரொட்டிக்கு வாங்க"ன்னு கூப்பிட்டா ரொட்டிதான் வரும். ஆபென்ட்எஸ்ஸன்னு கூப்பிட்டிருந்தா அது சாயங்காலச் சாப்பாடு, சூடா ஏதாவது எதிர்பார்க்கலாமாம், ஆனா கட்டாயம் இல்லையாம். இன்னொண்ணும் சொல்லுச்சு, இங்க "இன்னிக்கு சூடா சாப்ட்டியா"ன்னு ஒரு கேள்வி உண்டு, வார்ம் எஸ்ஸன்னு. ஒரு நாளைக்கு ஒரு தடவை சூடா சாப்பிட்டாச்சுன்னா கடமை முடிஞ்சுது. மத்தியானம் ஆபீஸ் கேன்டீன்ல சூடா ஆயிட்டா ராத்திரி ரொட்டிதான்.

எனக்கு சட்டுன்னு புரிஞ்சிடுச்சு. நம்ம வீட்ல எட்டு இட்லி உள்ள போயிருக்கும், யாராச்சும் சாப்ட்டியான்னு கேட்டா "இல்ல, டிபன்தான் ஆச்சு"ம்போம். சோறு இறங்காம சாப்பாடுன்னு ஒத்துக்க மாட்டோம்ல. இங்க சோத்துக்குப் பதிலா சூடு.

இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை, கடைங்க அத்தனையும் மூடி. காலைல பேக்கரி மட்டும் கொஞ்ச நேரம் திறந்திருந்துச்சு, அதுலயும் க்யூ, ஏன்னா இங்க இன்னிக்கு அன்னையர் தினம், கையில பூங்கொத்தோட ஆம்பளைங்க வரிசைல நிக்கிறாங்க. சின்ன பன் ஒண்ணு 45 சென்ட், நம்ம காசுக்கு நாப்பது ரூவா. ஒரு கிலோ கருப்பு ரொட்டி அஞ்சு யூரோவுக்குக் கிட்ட. அந்த ரொட்டிய தூக்கிப் பாக்கணும் நீங்க, செங்கல். இந்த நாட்டு ரொட்டிக் கலாச்சாரத்த 2014-ல யுனெஸ்கோவோட ஜெர்மன் கமிஷன் தேசிய மரபுப் பட்டியல்ல சேத்திருக்குன்னு தம்பி பெருமையா சொன்னான், ஏதோ இவன் சுட்ட மாதிரி.

மத்தியானம் சூடான சாப்பாடு! வெள்ளை ஷ்பார்கல், தண்ணிவிட்டான் இருக்குல்ல அந்த ஜாதி, விரல் தடிமன்ல வேக வச்சு மேல வெண்ணெயும் முட்டையும் கலந்த மஞ்சள் குழம்பு, கூட உருளைக்கிழங்கு. இந்த மாநிலத்துலதான் நாட்டுலயே அதிகமா விளையுதாம், ஜூன் 24 வரைக்கும்தான் சீசன், அதுக்கப்புறம் பறிக்க மாட்டாங்க. மூணரை மணிக்கு காபியும் ருபார்ப் கேக்கும். ஆறு மணிக்கு ரொட்டி. இந்தத் தடவ நான் அஞ்சு துண்டு எடுத்தேன், யாரு என்ன நெனச்சா எனக்கென்ன.

ஆறு அம்பதுக்கு தம்பி மகள் டிவி முன்னாடி போய் உக்காந்துடுச்சு, ஸாண்ட்மென்ஷென்னு ஒரு குட்டி பொம்மைத் தாத்தா வந்து கண்ணுல மணல் தூவிட்டுப் போவாரு, பத்து நிமிஷம், முடிஞ்சதும் பல் தேச்சு ஏழரைக்கு படுக்கை. வெளிய வெயில் அடிக்குது, கருப்புத் திரைய இழுத்து விட்டு புள்ளையத் தூங்க வைக்கிறாங்க. அதுவும் தூங்குது. எங்க அக்கா பேரன் பதினோரு மணிக்கு தோசை கேக்குறவன், அவன இங்க ஒரு மாசம் விடணும்.

மே 13, திங்கள் – லைப்ஸிக்

தம்பியோட மாமியார் வீடு. தம்பிக்கு வேலை, அவன் பொண்டாட்டியும் குழந்தையும் நாங்களும் வந்தோம். இங்க ஒரு கூத்து. ஸ்டுட்கார்ட்ல இருக்கிற இவரோட பழைய ஆபீஸ் நண்பர் வாட்ஸப்ல முன்னாடியே எழுதியிருந்தார், "வியாழக்கிழமை எங்க வீட்ல ஃபெஸ்பர், எங்க பக்கம் சாயங்கால ரொட்டிக்கு அதான் பேரு"ன்னு. நான் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். இங்க வந்து இறங்கினதும் மாமியார் ஜெர்மன்ல ஏதோ சொன்னாங்க, அதுல ஃபெஸ்பர்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, ஆஹா ஆறு மணிக்குன்னு தலையாட்டிட்டு நானும் இவரும் ஊர் சுத்தக் கிளம்பிட்டோம். தாமஸ் சர்ச், அங்கதான் இசையமைப்பாளர் பாஹ் 27 வருஷம் இசை நடத்தினாராம், அவரோட கல்லறையும் உள்ளயே இருக்கு. அங்க உக்காந்து கால நீட்டி, அப்புறம் மார்க்கெட் சதுக்கத்துல வேடிக்கை பாத்து, கரெக்டா ஆறடிக்க அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்கு வந்தா, டேபிள்ல எங்களுக்குன்னு வச்ச ரெண்டு காபி கப்பு கவுத்தினபடி, மாமியார் முகம் சுண்டிப் போயிருக்கு.

இந்தப் பக்கம், அதாவது சாக்ஸனி பக்கம், ஃபெஸ்பர்னா மத்தியானம் மூணு மணி காபி, கேக். பால்வாடில கூட புள்ளைங்களுக்கு மூணு மணிக்குக் குடுக்கிற பலகாரத்துக்கு அதான் பேராம். ஒரே நாடு, ஒரே வார்த்தை, மூணு மணி நேர வித்தியாசம். தம்பி பொண்டாட்டி ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்து சமாதானம் பண்ணுச்சு, அந்தம்மா அப்புறம் சிரிச்சிட்டாங்க, எங்களுக்காக எடுத்து வச்சிருந்த லைப்ஸிகர் லெர்ஷெயக் கொண்டு வந்தாங்க. லெர்ஷென்னா வானம்பாடி. ஒரு காலத்துல இந்த ஊர்ல நிஜ வானம்பாடிய வலை போட்டுப் பிடிச்சு வறுத்துத் தின்னுருக்காங்க, 1876-ல ராஜா தடை போட்டுட்டாரு, உடனே பேக்கரிக்காரங்க பாதாம் வச்சு குட்டி குட்டியா கிண்ணம் மாதிரி கேக் பண்ணி மேல ரெண்டு பட்டை குறுக்கா ஒட்டிட்டாங்க, பறவைய நூல் வச்சுக் கட்டின அடையாளமாம். நல்லா இருந்துச்சு. நான் ரெண்டு தின்னேன்.

மே 14, செவ்வாய் – லைப்ஸிக்

காலைலேருந்து முட்டி வலி, எங்கயும் போகல. இந்த மாமியாருக்கு வயசு 65, பேத்தியோட உக்காந்து அந்த மணல் தாத்தாவ அவங்களும் பாக்குறாங்க. அது 1959-ல கிழக்கு ஜெர்மனி டிவில ஆரம்பிச்சது, நானும் அதும் ஒரே வருஷம் பிறந்தோம்னாங்க. நாடே ஒண்ணாயிடுச்சு, சுவரெல்லாம் போயிடுச்சு, இந்தத் தாத்தா மட்டும் வேலைய விடல.

ரொட்டித் துண்டுக்கு இங்க பெம்மெனு பேரு. பெர்லின் போனா அதே துண்டு ஷ்டுல்லெ ஆயிடுமாம். பன்றிக் கொழுப்பு தடவினா ஃபெட்பெம்மெ. இவருக்கு இதக் கேக்கக் கேக்க முகம் போன போக்கப் பாத்து, அந்தம்மா இன்னிக்கு ராத்திரி ரொட்டி வேணாம்னு முடிவு பண்ணி தோலோட வேக வச்ச உருளைக்கிழங்கு, க்வார்க், ஆளிவிதை எண்ணெய் வச்சாங்க. க்வார்க்னா துணில கட்டித் தொங்க விட்ட தயிர் மாதிரி, புளிப்பு கம்மி. கிழங்கு ஆவி பறக்குது! நாலு நாளா ராத்திரில ஆவியே பாக்காத மனுஷன், இவர் எந்திரிச்சுப் போய் பொட்டியத் திறந்து இட்லிப் பொடி டப்பாவ எடுத்துட்டு வந்துட்டாரு. எனக்கு வெக்கமா போச்சு, விருந்துக்கு வந்த எடத்துல இப்படியான்னு. பொடில அந்த ஆளிவிதை எண்ணெய ஊத்திக் குழைச்சு கிழங்கத் தொட்டு வாயில வச்சாரு பாருங்க, கண்ண மூடிட்டாரு. நானும் வச்சேன். நல்லெண்ணெய் கிடையாதுதான், லேசா கசப்பு நிக்குது, ஆனா சேருது. மாமியார் நுனி ஸ்பூன்ல எடுத்து நக்கிப் பாத்து ரெண்டு க்ளாஸ் தண்ணி குடிச்சாங்க, அப்புறம் திரும்ப எடுத்தாங்க. கிளம்புறப்ப பாதி டப்பா அங்க விட்டுட்டு வந்தோம். இவர் மனசார விட்டாரான்னு கேக்காதீங்க.

மே 15, புதன் – ம்யூனிக்

தம்பி பொண்டாட்டியும் குழந்தையும் ஹனோவர் திரும்பிட்டாங்க, இனிமே நாங்க ரெண்டு பேர்தான். இங்க ராச்சாப்பாட்டுக்கு ப்ரோட்ஸைட்னு பேரு, ரொட்டி நேரம். ஆனா அது காலைல பத்து மணிக்கும் இருக்கலாம், சாயங்காலமும் இருக்கலாம்.

சாயங்காலம் ஒரு பியர் தோட்டத்துக்குப் போனோம். ரெண்டு பேரும் குடிக்கிறதில்ல, ஆனா அங்க நம்ம சாப்பாட்ட நாமளே கட்டிக் கொண்டு போகலாம்னு கேள்விப்பட்டிருந்தேன், அது எனக்கு நம்பவே முடியல, நம்ம ஊர்ல தியேட்டருக்குள்ள ஒரு தண்ணி பாட்டில் கொண்டு போயிட முடியுதா? இதுக்குப் பின்னாடி கதை இருக்கு. பியர் காய்ச்சுறவங்க நிலவறைல சரக்க வச்சு, சூடு இறங்காம இருக்க மேல கஷ்கொட்டை மரம் நட்டு, அந்த நிழல்லயே விக்க ஆரம்பிச்சிருக்காங்க. ஊருக்குள்ள ஓட்டல் வச்சிருந்தவங்க எங்க பொழப்பு போச்சேன்னு ராஜாகிட்ட போய் அழுதிருக்காங்க. ராஜா 1812 ஜனவரில ஒரு தீர்ப்பு சொன்னாரு, பியர் வித்துக்கோ, சாப்பாடு விக்காத. சரின்னு ஜனங்க சாப்பாட்ட வீட்லேருந்து கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. இப்ப சாப்பாடும் அங்க விக்கிறாங்க, ஆனா கட்டிட்டு வர்ற உரிமை போகல, 1999-ல இந்த பவேரியா மாநில அரசாங்கம் விதியாவே எழுதி வச்சிருச்சு.

நாங்க சூப்பர் மார்க்கெட்ல ரொட்டி, சீஸ், தக்காளி வாங்கிட்டுப் போய், நல்ல மேஜையா பாத்து, துணியெல்லாம் விரிச்சு அழகா இருந்த மேஜைல உக்காந்து பொட்டலத்தப் பிரிச்சோம். பிரிச்சு ரெண்டு நிமிஷம் ஆகல, அந்தப் பாரம்பரிய கவுன் போட்ட பரிமாறுற அம்மா வந்து இடுப்புல கை வச்சு நின்னுட்டாங்க. மேஜைல துணி விரிச்சிருந்தா அது ஓட்டல், அங்க அவங்ககிட்டதான் வாங்கணும், வெறும் பலகை மேஜைனாதான் நம்ம சாப்பாடு. எல்லாத்தையும் மடியில அள்ளிக்கிட்டு நாப்பது பேர் பாக்க இடம் மாறினோம்.

அங்க ஏற்கனவே உக்காந்திருந்த ஒரு பெரியவர் நகந்து இடம் விட்டாரு. முன்ன பின்ன தெரியாதவங்களோட ஒரே மேஜைல உக்காந்து சாப்பிடறது இங்க சகஜம், நம்ம மெஸ்ல உக்கார்ற மாதிரியேதான். அவரு பையிலேருந்து ஒரு வெள்ளை முள்ளங்கிய எடுத்து, கத்தியால ஸ்ப்ரிங் மாதிரி சுருள் சுருளா சீவி, உப்பத் தூவி ஓரமா வச்சிட்டு காத்திருந்தாரு. ஏன் சாப்பிடலைன்னு சைகைல கேட்டேன். கண்ணுக்குக் கீழ விரல இழுத்துக் காட்டி, முள்ளங்கி அழணும், அழுது முடிச்சாத்தான் திங்கலாம்னாரு, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிஞ்சவரு. நிஜமாவே உப்புல தண்ணி விட்டுக்கிட்டு நின்னுச்சு. எங்களுக்கும் குடுத்தாரு. வாழ்க்கைல முள்ளங்கிய சாம்பார விட்டு வெளிய இப்படி ரசிச்சதில்ல. பதிலுக்கு இவர் மீதிப் பொடிய எடுத்தாரு, நான் முறைச்சேன், உள்ள வச்சிட்டாரு.

மே 16, வியாழன் – ஸ்டுட்கார்ட்

மழை, நாள் பூரா. நண்பர் வீட்ல ஃபெஸ்பர். இந்தத் தடவ ஆறு மணிதானேன்னு மூணு தடவ மெசேஜ் போட்டுக் கேட்டுட்டேன். ஆறேதான். ஆனா அவரோட பையன் காலைல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போற டிபன் பாக்ஸுக்கும் ஃபெஸ்பர் டப்பான்னுதான் பேரு, அத ஒன்பதரை மணிக்குத் திங்கிறான். ஃபெஸ்பர் லத்தீன் வார்த்தையாம், சாயங்காலம்னு அர்த்தம், சர்ச்ல சாயங்காலப் பிரார்த்தனைக்கும் அதே பேரு. சாயங்காலம்னு பேரு வச்சத காலைல திங்கிறாங்களேன்னு கேட்டா, நண்பர் "நீங்க நைட்டின்னு பேர வச்சிட்டு பகல்லயும் போட்டுக்கிட்டு மார்க்கெட் வரைக்கும் போறதில்லையா"ன்னாரு. பேச்சே வரல எனக்கு.

மே 17, வெள்ளி – ஸ்டுட்கார்ட் பக்கம்

திராட்சைத் தோட்டத்துக்காரங்க வருஷத்துல நாலு மாசத்துக்கு மிஞ்சாம தங்களோட வீட்லயே கடை போட்டுக்கலாம், நாப்பது சீட்டுக்கு மேல போடக் கூடாது, கடை திறந்திருக்குன்னு காட்ட வாசல்ல ஒரு துடைப்பத்தத் தொங்க விடுவாங்க. அதனால அந்தக் கடைக்குப் பேரே துடைப்பம், பெஸன்னு சொல்றாங்க. வாசல்ல துடைப்பத்தத் தொங்க விட்டு விருந்தாளியக் கூப்பிடற ஊர்! எங்க அம்மா இருந்திருந்தா உள்ள காலே வச்சிருக்க மாட்டாங்க. உள்ள தோள் இடிக்கிற நெருக்கம். நண்பர் கால் லிட்டர் ஒயின் வாங்கினாரு, அதுக்கு ஃபியர்டெலெனு செல்லப் பேரு. எங்களுக்கு திராட்சை ஜூஸ், சீஸ், பெரிய ப்ரெட்ஸல். க்ளாஸ இடிக்கும்போது ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாக்கணும், பாக்காம இடிச்சா மரியாதைக் குறைவு. நான் ஜூஸ் சிந்திடுமோன்னு க்ளாஸையே பாத்ததுக்கு எதிர்ல இருந்த பாட்டி விரலாட்டி மறுபடி இடிக்க வச்சாங்க.

மே 18, சனி – கொலோன்

காலைலேருந்து அலைச்சல், கதீட்ரல் படி ஏறலாம்னு ஆரம்பிச்சு 533 படின்னு போர்டப் பாத்துட்டு திரும்பிட்டோம். எட்டு நாளா ராத்திரில ரொட்டி ரொட்டின்னு இவருக்கு கனவுலயும் ரொட்டி. நாளைக்கும் நாளன்னிக்கும் பெந்தெகொஸ்தே லீவு, கடை எல்லாம் மூடிடும். இன்னிக்கு நல்ல சூடா கோழி சாப்பிட்டே தீரணும்னு ஒரு பழைய பியர் ஹால்ல நுழைஞ்சோம். மெனுல ஹால்வர் ஹான்னு இருந்துச்சு. எட்டு நாள்ல நானும் வார்த்தை பொறுக்கி வச்சிருக்கேன்ல, ஹால்ப்னா பாதி, ஹான்னா சேவல். அரைக் கோழி! அஞ்சரை யூரோ! இவ்ளோ மலிவான்னு ரெண்டு சொல்லியாச்சு. குடிக்கத் தண்ணி கேட்டேன். நீல ஏப்ரன் கட்டின சர்வர், கோபெஸ்னு சொல்றாங்க, முறைப்பா பேசுறதுதான் அவங்க ஸ்டைலாம், "தண்ணியா? சோப்பும் துண்டும் சேத்து கொண்டு வரட்டுமா"ன்னுட்டுப் போயிட்டாரு. பக்கத்து மேஜைல ஒருத்தர் க்ளாஸ் காலியாகக் காலியாக கோபெஸ் கேக்காமலே புது க்ளாஸ வச்சு அட்டைல ஒரு கோடு இழுத்துட்டுப் போறாரு, போதும்னா அந்த அட்டைய க்ளாஸ் மேல மூடி வைக்கணும். பந்தில இலைய மூடுற மாதிரி.

வந்துச்சு அரைக் கோழி. ரைன்னு ஒரு கோதுமை ஜாதித் தானிய மாவுல சுட்ட ஒரு பன். ஒரு பெரிய துண்டு சீஸ். வெண்ணெய், கடுகு, வெங்காயம். கோழியோட இறகு கூட இல்ல. ரெண்டு தட்டு. தப்பா வந்திருச்சுன்னு கோபெஸக் கூப்பிட்டேன், அந்த மனுஷன் எட்டு நாள்ல நான் பாத்த முதல் பெரிய சிரிப்பா சிரிச்சாரு. இந்த ஊர்ல சீஸ் ரொட்டிக்குப் பேரே அரைக் கோழி, ஏன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்றாங்க, பாதி பன் குடுன்னு கேட்டதுதான் திரிஞ்சு கோழி ஆயிடுச்சுன்னு ஒரு கட்சி, எவனோ விருந்துக்குக் கோழின்னு சொல்லி சீஸ் போட்டு ஏமாத்தினான்னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கதைதான் எனக்குப் பொருந்துது. இவர் ஒரு வார்த்தை பேசல. பன்ன முழுசா தின்னாரு, கைய தொடச்சாரு, பில்ல குடுத்துட்டு விறுவிறுன்னு வெளிய நடந்தாரு.

மணி ஒன்பது, இன்னும் வெளிச்சம். ரெண்டு தெரு தள்ளி ஒரு துருக்கிக் கடை, கண்ணாடிக்குப் பின்னாடி கோழி கம்பில சுத்திக்கிட்டே வேகுது, வாசனை தெருவுக்கே வருது. அந்தக் கோழிய சீவி ரொட்டில வச்சுத் தர்ற டோனர் ஒண்ணு ஏழு யூரோ. கடைக்காரத் தம்பி மிளகாய்த்தூள் ஸ்பூனத் தூக்கிப் பிடிச்சு "ஷார்ஃப்?"னு கேட்டான். காரமான்னு அர்த்தம். எட்டு நாளா எந்த ஜெர்மன் வார்த்தையும் வாய்ல நுழையலன்னு சொன்ன மனுஷன், "ஷார்ஃப், ஷார்ஃப், இன்னும் ஷார்ஃப்"னு அந்தத் தம்பி போதுமான்னு பயந்து பாக்குற வரைக்கும் சொன்னாரு.

மே 19, ஞாயிறு – ஃப்ராங்க்ஃபர்ட்

கடை மூடி, ரயில் சரியான நேரத்துக்கு வந்துச்சு, ஃப்ளைட் ராத்திரி. ஏர்போர்ட்ல உக்காந்து இத எழுதிட்டிருக்கேன். தம்பி போன் பண்ணினான், மாடி வீட்டுப் பெரியவரும் அந்தம்மாவும் அடுத்த தடவ நாங்க வந்தா ஆபென்ட்எஸ்ஸன் போடறாங்களாம், அந்த வார்த்தைய அழுத்திச் சொல்லச் சொன்னாங்களாம். லைப்ஸிக் மாமியாருக்குப் பொடி தீந்து போச்சாம். கடலைப்பருப்பு, உளுந்து, மிளகாய், பெருங்காயம்னு தம்பிக்கு அளவு சொல்லிட்டிருக்கேன், இவர் பக்கத்துல இருந்து "எள்ளு, எள்ள விட்டுட்ட"ங்குறாரு.